பதுங்குகுழியிலிருந்து வந்த மிளகுச் சேதி

முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சிரிப்பை வெறும் மனப்புழுக்கத்தின் வடிகாலாகப் பார்ப்பது போதாது. வாய்விட்டுச் சொல்ல முடியாத உண்மையை ஊருக்குச் சேர்க்கும் வழியாகவும் அது இருந்தது. 1915-ல் பிரான்சிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் எழுதிய சில கடிதங்களில், மிளகு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது, இப்போது மிளகாய் செலவாகிறது என்று சமையல் சமாச்சாரம்போல ஒரு செய்தி வரும். மிளகு இந்தியப் படை. மிளகாய் வெள்ளைக்காரப் படை. மிளகின் காரம் மிளகாய்க்கு இல்லை என்றும் ஒரு சிப்பாய் எழுதினார். என்ன துணிச்சல்!

அதிகாரிகளே அனுமதித்த சிரிப்பில் எதிர்ப்பு ஏது என்று கேட்கலாம். பெல்ஜியத்தின் ஈப்ர் நகர இடிபாடுகளில் கிடைத்த அச்சு இயந்திரத்தில், 1916 பிப்ரவரியில் 'வைப்பர்ஸ் டைம்ஸ்' என்ற நையாண்டி ஏட்டைத் தொடங்கிய பிரெட் ராபர்ட்ஸ் ஒரு கேப்டன். அவருக்கு அந்தக் கேள்வி பொருந்தும். சிப்பாய்க்கு அச்சகமும் இல்லை, அனுமதியும் இல்லை. கடிதங்களைப் படித்த தணிக்கையாளர்கள் சிப்பாயின் மறைபொருளைப் புரிந்துகொண்டு அறிக்கைகளில் பதிந்தும் வைத்தார்கள். அந்த வரிகள் இன்று நமக்குக் கிடைப்பது அதனால்தான்.