கடைக்கு வந்த பந்தயக் கார்

1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சில கார் விற்பனை நிலையங்களில் விந்தையான கார் ஒன்று வாங்குவாரின்றி நின்றது. அதன் மூக்கு பறவையின் அலகைப் போல் நீண்டு கூர்ந்திருந்தது. பின்புறத்தில், கூரையையும் தாண்டிய உயரத்தில், ஓர் இறக்கை! 'பிளிமத் சூப்பர்பேர்டு' என்பது அதன் பெயர். மூக்கையும் இறக்கையையும் கழற்றிவிட்டு, சாதாரணக் காராக மாற்றி விற்ற விற்பனையாளர்களும் உண்டு.

அப்படியானால் அவற்றை ஏன் பொருத்தினார்கள்? இதற்கான விடை ஒரு பந்தய விதியிலும், நீங்கள் வகுப்பில் படிக்கும் பௌதிக விதிகள் சிலவற்றிலும் இருக்கிறது.

எண்ணிக்கை விதி

அமெரிக்காவில் கார்ப் பந்தயங்களை நடத்தும் அமைப்புகளுள் ஒன்று நாஸ்கார். அக்காலத்தில் அதன் முதன்மைப் பந்தயம் கடைகளில் விற்கும் கார் வகைகளுக்கானது. பந்தயத்திற்கென்றே ஒரு தனி வண்டியைச் செய்துகொண்டு யாரும் வந்துவிடக் கூடாதல்லவா? எனவே, ஒரு வகைக் காரைக் குறைந்தது 500 எண்ணிக்கையில் செய்து விற்பனைக்கு வைத்தால்தான் அது பந்தயத்தில் ஓடலாம் என்பது 1969இல் இருந்த விதி. இவ்வாறு ஏற்புப் பெறுவதை 'ஹோமோலகேஷன்' என்பர்.

வீதியில் ஓடும் கார் பந்தயத்திற்கு வரவேண்டும் என்பதே விதியின் நோக்கம். நடந்ததோ தலைகீழ்! கிரைஸ்லர் நிறுவனத்தார் பந்தயத்திற்கான வடிவத்தை முதலில் வகுத்தனர். பிறகு எண்ணிக்கையை நிறைவு செய்ய அதை வீதிக்கு அனுப்பினர். அப்படிப் பிறந்ததுதான் 'டாட்ஜ் சார்ஜர் டேடோனா'. மொத்தம் 503 கார்கள். அடுத்த ஆண்டு விதி கடுமையாயிற்று. அதனால் அதன் உடன்பிறப்பான சூப்பர்பேர்டு 1,900க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டது.

காற்று என்னும் சுவர்

காற்றுத் தடை, வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அத்தடையை வெல்லத் தேவையான திறனோ வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. மணிக்கு 290 கி.மீ. வேகத்தில் ஓடும் கார் 320 கி.மீ. வேகத்தை எட்ட வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். வேகம் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் காற்றை வெல்லத் தேவையான திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. 7 லிட்டர் எஞ்சினிலிருந்து மேலும் அவ்வளவு திறனைப் பெறுவது எளிதா? தடையைக் குறைப்பதே வழி. சாதாரண சார்ஜர் காரின் முகப்பு உள்வாங்கியது. பின் கண்ணாடியும் குழிவானது. இவ்விரு இடங்களிலும் காற்று சிக்கிச் சுழன்றது. டேடோனாவில் கூர்மூக்கு முன்பக்கத் தடையைக் குறைத்தது. பின் கண்ணாடி கூரையின் சரிவோடு ஒட்டி அமைக்கப்பட்டது.

இறக்கை எதற்கு?

காரின் வளைந்த மேற்புறத்தில் காற்று விரைந்து செல்வதால் அங்கே அழுத்தம் குறைகிறது. கார் மேலே தூக்கப்படுகிறது. சக்கரங்களின் பிடி தளர்கிறது. விமான இறக்கையைக் கவிழ்த்து வைத்தால் அது காரைக் கீழே அழுத்துமல்லவா? அதுவே இங்கு நடந்தது. இறக்கையைத் தாங்கிய இரு செங்குத்துத் தகடுகளும், காற்றின் திசைகாட்டிக்கு வால் உதவுவது போல, கார் பக்கவாட்டில் திரும்பிவிடாமல் காத்தன.

இந்த அழுத்தமும் வேகத்தின் இருமடியைப் பொறுத்ததே. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 4 கிலோகிராம் எடைக்குச் சமமான அழுத்தம் கிடைக்கிறது என்று கொள்வோம். 300 கி.மீ. வேகத்தில் அது 25 மடங்காகி, 100 கிலோகிராம் எடைக்குச் சமமாகிவிடும். கடைவீதிக்குச் செல்பவருக்கு அந்த இறக்கை வெறும் அலங்காரமே!

டயர் சொன்ன உண்மை

டேடோனா முதன்முதலில் போட்டியிட்டது 1969 செப்டம்பர் 14 அன்று, அலபாமா மாநிலத்தின் டல்லடேகா ஓடுதளத்தில். பயிற்சியின்போதே கார்கள் மணிக்கு 320 கி.மீ. வேகத்தை நெருங்கின. ஆனால் டயர்கள் கிழிந்தன. ஏன்? 35 செ.மீ. ஆரமுள்ள டயர் அவ்வேகத்தில் சுழலும்போது, அதன் விளிம்பிலுள்ள ஒவ்வொரு கிராம் ரப்பரையும் பிடித்து வைக்க 2 கிலோகிராம் எடைக்கும் மேற்பட்ட மையநோக்கு விசை வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்! போதாக்குறைக்கு, ஓடுதளத்தின் வளைவுகள் 33 பாகை சாய்ந்தவை. அங்கே டயர்மீது சுமை மேலும் ஏறும். ரப்பர் நசுங்கி நிமிர்ந்து சூடாகும்.

உயிருக்கு ஆபத்து என்று கூறி, ரிச்சர்டு பெட்டி உள்ளிட்ட முன்னணி வீரர்கள் பலர் பந்தயத்திலிருந்து விலகினர். ஆயினும் பந்தயம் நடந்தது. ரிச்சர்டு பிரிக்ஹவுஸ் டேடோனா காரில் வென்றார். 1970 மார்ச் 24 அன்று அதே தளத்தில் பட்டி பேக்கர் டேடோனா காரில் மணிக்கு சுமார் 322.6 கி.மீ. வேகத்தை எட்டினார்.

1971இல் இறக்கைக் கார்களின் எஞ்சின் அளவை 5 லிட்டராகக் குறைத்தது நாஸ்கார். அத்துடன் அவற்றின் காலம் முடிந்தது. வடிவத்தை மாற்றி வேகத்தைக் கூட்டிவிடலாம். ஆனால் அந்த வேகத்தைத் தாங்க வேண்டியது காரின் மிக வலுக்குறைந்த உறுப்பே. கடையில் எத்தனை கார்கள் நின்றன என்று எண்ணிய விதி, டயர் எவ்வளவு தாங்கும் என்று கேட்கவில்லை. வீரர்கள்தாம் கேட்டார்கள்.