பேர் மாறும், கோட் மாறாது!

ஒரகடத்துலேர்ந்து கிளம்புற ஒவ்வொரு ஏற்றுமதி கன்டெய்னரோட பேப்பர்லயும் துறைமுகத்துக்கு ஒரு ஐந்தெழுத்து கோட் இருக்கும். பேரு யூஎன் லோகோட். முதல் இரண்டு எழுத்து நாடு, அடுத்த மூன்று ஊர். இந்தியாவுக்கு ஐ-என். சென்னைக்கு? எம்-ஏ-ஏ. அதாவது மெட்ராஸ்!

1996-லேயே மெட்ராஸ் சென்னை ஆயிடுச்சு. தூத்துக்குடி துறைமுகத்துக்கு 2011-ல் வ.உ.சி. பெயர் வெச்சாங்க. ஆனா கோட்ல இன்னும் டி-யூ-டி, பழைய டூட்டிகோரின்தான்.

சீனாவுலயும் இதே கதை. 1958-ல் பின்யின்னு ஒரே எழுத்துமுறை கொண்டு வந்தாங்க. கான்டன், குவாங்சோ ஆச்சு. ஆனா அதோட விமான நிலைய கோட் இன்னும் சி-ஏ-என்.

ஏன் மாத்தலை? உங்க ரெஜிஸ்டர் நம்பர் மாதிரிதான். கெசட்ல பேர் மாத்தினாலும் நம்பர் அப்படியே இருக்கும். கஸ்டம்ஸ், கப்பல் கம்பெனி எல்லாரோட சிஸ்டமும் அந்தக் கோடை வெச்சுத்தான் துறைமுகத்தை அடையாளம் காணும்.

அப்போ ஸ்பெல்லிங் முக்கியம் இல்லையா? முக்கியம்தான். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கை மாத்தி அறிவிச்சது. வேலூருக்கு 'வே'க்காக இரண்டு 'ஈ' போட்டாங்க. ஆங்கிலம் தெரிஞ்சவங்க அதை 'வீலூர்'னு வாசிச்சாங்க. அதே மாசம் அரசாணை வாபஸ்.

சீனா முதல்ல விதியை முடிவு பண்ணிச்சு, பட்டியல் அப்புறம். தமிழை ஆங்கில எழுத்துல எழுத நமக்கும் அப்படி ஒரு விதி வேணும். எது நம்ம விதி? யோசிங்க.