பாதாம் விளையும் மாவட்டங்களின் ஆண்டுக் கணக்கு

நம் கடைகளில் விற்கும் பாதாம் பருப்பில் பெரும் பகுதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் விளைந்து கப்பல் ஏறி வருவது. உலக விளைச்சலில் முக்கால் பங்குக்கு மேல் அந்த ஒரு மாநிலத்தினுடையது. அவர்களுடைய ஏற்றுமதியில் அண்மை ஆண்டுகளில் முதலிடத்தில் நிற்கும் வாடிக்கை நம் நாடுதான். அப்படி இருந்தும், தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது "அங்கே விளைச்சல் அடிபட்டுவிட்டது, இப்போதே எடுத்துப் போடுங்கள்" என்று ஒரு தரகர் தொலைபேசியில் சொன்னால், அது மெய்யா பொய்யா என்று பார்க்க நம்மில் பலருக்கு வழி தெரிவதில்லை. சொல்லை நம்பிச் சரக்கை எடுத்து அடுக்குகிறோம். விலை இறங்கினால் பணம் முடங்குகிறது. வெயில் காலம் வந்தால் பருப்பு காறல் வாடை அடிக்கவும் தொடங்குகிறது.

வழி இருக்கிறது. கலிபோர்னியாவில் ஒவ்வொரு மாவட்டமும் (அவர்கள் கவுண்டி என்பார்கள்) தன் எல்லைக்குள் அந்த ஆண்டு என்ன விளைந்தது, எத்தனை ஏக்கரில், எவ்வளவு எடை, என்ன விலை, மொத்தம் எத்தனை டாலர் என்று கணக்கு எழுதி அச்சிட்டு வெளியிட வேண்டும். அந்த மாநிலத்தின் உணவு, வேளாண்மைச் சட்டத்தில் 2279ஆம் பிரிவு இதைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கை எழுதுபவர் மாவட்ட வேளாண்மை ஆணையர். நம் வணிகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி, பெரும்பாலான மாவட்டங்களில் இவரே எடை, அளவைகளுக்கும் அதிகாரி. அதாவது நம் ஊரில் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை போட வருகிறாரே, அந்த வேலையும் இவருடைய அலுவலகத்தில்தான் நடக்கிறது. வெளிநாட்டுக்குப் போகும் சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்று சான்று தருவதும் அவர்களே. விவசாயிகள், பதப்படுத்துவோர், மூட்டை போடுவோர் ஆகியோரிடம் படிவம் அனுப்பி விவரம் வாங்கித் தொகுக்கிறார்கள். தனி ஒருவருடைய கணக்கு வெளியே தெரியாது. கூட்டுத் தொகைதான் அச்சேறும்.

நம் மாநிலத்திலும் புள்ளியியல் துறை 'பருவ மற்றும் பயிர் அறிக்கை' வெளியிடுகிறது. அது பசலி ஆண்டுப்படி, ஜூலை முதல் ஜூன் வரை. கலிபோர்னியாக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை அறுவடையானதைச் சொல்வது.

அம்மாநிலத்தின் நடுவே சான் வாக்கின் பள்ளத்தாக்கு என்று ஒரு நீண்ட சமவெளி. அதில் பிரெஸ்னோ, துலேரி, கெர்ன் என்ற மூன்று மாவட்டங்கள் வடக்கிலிருந்து தெற்காக வரிசையில் உள்ளன. அமெரிக்காவிலேயே விவசாய மதிப்பில் முதல் மூன்று இடங்களுக்கு இவை மூன்றும் தமக்குள் போட்டி போடுகின்றன. ஒவ்வொன்றின் மதிப்பும் இப்போதெல்லாம் ஆண்டுக்கு 800 கோடி டாலரை ஒட்டி நிற்கிறது. நம் கடைக்கு வரும் பாதாம், பிஸ்தா ஆகியவற்றில் பெரும் பங்கு இந்தப் பள்ளத்தாக்கின் சரக்கு. அமெரிக்க உலர் திராட்சை முக்கியமாகப் பிரெஸ்னோவைச் சுற்றிய ஊர்களில் காய்வது. கொடி வரிசைகளுக்கு நடுவே காகிதத் தட்டு விரித்து, வெயிலிலேயே காயவைப்பது அங்கே பழைய வழக்கம்.

அறிக்கையைப் படிப்பது எப்படி

அட்டவணையில் பயிரின் பெயர், அதன் கீழே இந்த ஆண்டு, போன ஆண்டு என இரு வரிகள். பக்கவாட்டில் அறுவடையான ஏக்கர், ஏக்கருக்கு மகசூல், மொத்த எடை, அலகு விலை, மொத்த மதிப்பு. பழமும் கொட்டையும் ஒரு பகுதி, காய்கறி ஒன்று, தானியம் தீவனம் ஒன்று, கால்நடையும் கோழியும் ஒன்று, பால் முட்டை கம்பளி ஒன்று, தேனும் தேனீயும் ஒன்று.

முதலில் எடையைப் பற்றி எச்சரிக்கை. அங்கே 'டன்' என்றால் 2000 பவுண்டு, நம் கணக்கில் 907 கிலோ. நம் டன் 1000 கிலோ. அவர்களுடைய 100 டன்னை நம் 100 டன் என்று எடுத்துக்கொண்டால் 9.3 டன் காற்றில் போய்விடும். பாலை நூறு பவுண்டு (45.36 கிலோ) கணக்கில் விலை போடுவார்கள். லிட்டர் என்ற பேச்சே இல்லை. பாதாம் எடை என்பது பருப்பின் எடை. நம் நாட்டுக்கு வருவதில் பெரும் பகுதி ஓட்டுப் பாதாம், இங்கே உடைத்துப் பருப்பாக்கப்படுவது. நல்ல மெல்லோட்டு ரகத்தில் 100 கிலோவுக்கு 65 முதல் 70 கிலோ பருப்பு கிடைக்கும். இரண்டு எடைகளையும் ஒன்றாகப் பார்த்தால் கணக்கு உதைக்கும்.

அடுத்தது, மொத்த மதிப்பு என்ற சொல். இதைத்தான் பத்திரிகைகள் தலைப்பில் போட்டு "மாவட்ட விவசாயிகள் 800 கோடி டாலர் சம்பாதித்தார்கள்" என்பது போல எழுதுகின்றன. அது சம்பாத்தியம் அல்ல, விற்றுமுதல். உரம், கூலி, தண்ணீர், வட்டி, டீசல் எதுவும் கழிக்கப்படவில்லை. அறிக்கையின் முகப்பிலேயே ஆணையர் இதை எழுதிவைக்கிறார். ஒரு கடையின் விற்றுமுதலைப் பார்த்து லாபத்தைச் சொல்ல முடியுமா? நம்மைப் பார்த்து வருமான வரிக்காரர்களும் சம்பந்தி வீட்டாரும் செய்யும் அதே பிழைதான் இது.

இன்னும் ஒரு நுணுக்கம். தீவன மக்காச்சோளமும் குதிரைமசாலும் பயிர்ப் பகுதியில் ஒரு முறை மதிப்பு போடப்படுகின்றன. அதைத் தின்ற மாடு கறந்த பால் இன்னொரு பகுதியில் மறுபடி மதிப்பு பெறுகிறது. வெல்லம் வாங்கிய பணத்தையும் அதில் செய்த கடலை மிட்டாய் விற்ற பணத்தையும் கூட்டி எழுதியது போல. தேனீப் பகுதியிலும் இப்படித்தான். பிப்ரவரியில் பாதாம் பூக்கும்போது மகரந்தம் சேர, ஏக்கருக்கு இரண்டு பெட்டி வீதம், நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாகத் தேனீப் பெட்டிகள் வந்து இறங்குகின்றன. அந்த வாடகை தேனீக்காரருக்கு வரவு, பாதாம்காரருக்குச் செலவு. அறிக்கையில் வரவு மட்டும் ஏறும். பாதாமின் மேல்தோல்கூட வீணாவதில்லை, கறவை மாட்டுக்குத் தீவனமாகப் போகிறது. பருப்பு விலை வீழ்ந்த ஆண்டுகளில் தோல் விற்ற காசும் அங்கே பேசப்படும் காசாகிவிடுகிறது.

விளைச்சல் கூடியது, பணம் குறைந்தது

துலேரி பால் மாவட்டம். ஆண்டுதோறும் முதல் வரிசையில் நிற்பது பால்தான். 2014இல் பால் விலை உச்சத்தில் இருந்தது. பாலின் மதிப்பு மட்டும் 250 கோடி டாலர் அளவுக்குப் போய், மாவட்டத்தின் மொத்தம் 800 கோடியைத் தாண்டியது. அதற்கு முன் பல்லாண்டுகளாக முதலிடம் பிடித்துவந்த பிரெஸ்னோ, வறட்சியும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு மூன்றாம் இடத்தில் இருந்தது. மறு ஆண்டு 2015இல் துலேரியின் மொத்தம் 700 கோடிக்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. மாடுகள் ஓடிப்போகவில்லை. சீனா பால் மாவு வாங்குவதைக் குறைத்தது. 2014 ஆகஸ்டில் ரஷ்யா மேலை நாடுகளின் பால்பொருளுக்குத் தடை போட்டது. 2015 ஏப்ரலில் ஐரோப்பா பால் உற்பத்திக்கு இருந்த உச்சவரம்பை நீக்கியது. உலகமெங்கும் பால் மாவு தேங்கி விலை சரிந்தது. அந்த விலைச் சரிவுதான் மாவட்டக் கணக்கில் நூறு கோடி டாலருக்கு மேல் பள்ளமாகத் தெரிந்தது.

மாடே காரணமான வீழ்ச்சியும் உண்டு. 2024 ஆகஸ்டு இறுதியில் பறவைக் காய்ச்சல் கலிபோர்னியாவின் பால் பண்ணைகளில் நுழைந்தது. துலேரிப் பகுதி கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அந்த நவம்பரில் மாநிலத்தின் பால் உற்பத்தி முந்தைய ஆண்டின் நவம்பரைவிட 9 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

பாதாம் கதை நமக்கு நெருக்கமானது. 2014இல் கலிபோர்னியா முழுவதும் விளைந்தது ஏறத்தாழ 187 கோடி பவுண்டு. விவசாயிக்குக் கிடைத்த சராசரி விலை பவுண்டுக்கு 4 டாலர். மொத்தம் 700 கோடி டாலருக்கு மேல். அந்த விலையைப் பார்த்து, பருத்தி போட்ட நிலத்திலும் கன்று நட்டார்கள். நட்ட கன்று காய்க்க மூன்று ஆண்டு ஆகும். பிறகு இருபது, இருபத்தைந்து ஆண்டு காய்க்கும். 2020இல் விளைச்சல் 310 கோடி பவுண்டைத் தாண்டியது. விலை 2 டாலருக்கும் கீழே போனது. மொத்த மதிப்பு 600 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. விளைச்சல் மூன்றில் இரண்டு பங்கு கூடியிருக்கிறது, வருமானமோ குறைந்திருக்கிறது. 2014, 2015 அறிக்கைகளில் காய்க்கும் ஏக்கர், காய்க்காத இளங்கன்று ஏக்கர் என்று தனித்தனியே இருந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த வீழ்ச்சி முன்கூட்டியே தெரிந்திருக்கும். எனக்குக் கேட்டால், மாவட்ட அறிக்கையில் நமக்கு மிகவும் பயன்படும் எண் அந்தக் காய்க்காத ஏக்கர்தான். மொத்த மதிப்பைவிட அதுவே பேசும்.

அந்த டாலர் விலை வீழ்ச்சி அப்படியே நம் பில்லில் தெரியவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. 2014இல் ஒரு டாலர் 60 ரூபாய் அளவில் இருந்தது, 2022 அக்டோபரில் 82ஐத் தாண்டியது. இடையில் 2019 ஜூனில் நம் அரசு அமெரிக்கப் பாதாம் மீது கூடுதல் சுங்கம் போட்டது, ஓடு நீக்கிய பருப்புக்குக் கிலோவுக்கு 20 ரூபாய். அது 2023 செப்டம்பரில்தான் விலகியது.

பிஸ்தாவுக்கு வேறு குணம். ஓராண்டு அள்ளிக் கொடுக்கும், மறு ஆண்டு ஓய்ந்துவிடும், நம் மாமரம் போல. 2022இல் மாநில விளைச்சல் 88 கோடி பவுண்டு, 2023இல் 149 கோடி. ஆகவே பிஸ்தாவைப் போன ஆண்டோடு ஒப்பிடக் கூடாது, அதற்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட வேண்டும். "பாதியாகக் குறைந்துவிட்டது" என்று யாரேனும் பயமுறுத்தினால் எந்த ஆண்டைவிட என்று திருப்பிக் கேளுங்கள்.

உலர் திராட்சையில் இன்னொரு விசித்திரம் நடந்திருக்கிறது. விலை சரியாமல் காக்க, விளைந்ததில் ஒரு பங்கை 'ஒதுக்கீடு' என்று ஒரு குழு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு 1940களின் இறுதியிலிருந்து இருந்தது. 2002-03இல் கேட்ட பங்கு 47 சதவீதம், மறு ஆண்டு 30 சதவீதம். ஹார்ன் என்ற விவசாயி தர மறுத்து வழக்காடினார். 2015 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இழப்பீடு இல்லாமல் இப்படி எடுப்பது செல்லாது என்று தீர்ப்பு சொன்னது. விளைந்ததெல்லாம் சந்தைக்கு வந்ததாகப் பழைய ஆண்டுக் கணக்குகளைப் படிக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொன்னேன்.

கொள்முதலுக்கு எது உதவும்?

மாவட்ட அறிக்கை அடுத்த ஆண்டின் நடுவிலோ கடைசியிலோதான் வருகிறது. அதை வைத்து இந்தத் தீபாவளி விலையைச் சொல்ல முடியாது. நாலைந்து ஆண்டுப் போக்கை அறியத்தான் அது. தோப்பு கூடுகிறதா, வெட்டப்படுகிறதா? 2014இல் நிலத்தடி நீரை அளவோடு எடுக்கச் சட்டம் வந்த பிறகு, பள்ளத்தாக்கில் நிலம் தரிசு விடப்படும் என்ற பேச்சு வலுத்திருக்கிறது. அது நடந்தால் முதலில் தெரியவருவது இந்த ஏக்கர் கணக்கில்தான்.

அந்தந்த ஆண்டுக் கொள்முதலுக்கு வேறு தாள்கள் இருக்கின்றன. அமெரிக்க வேளாண்மைத் துறை மே மாதம் விவசாயிகளைக் கேட்டு ஒரு மதிப்பீடும், ஜூலையில் தோப்பில் காய்களை எண்ணி இன்னொரு மதிப்பீடும் வெளியிடுகிறது. ஜூலைக் கணக்கு நம்பகமானது, ஆனாலும் தவறும். 2023 ஜூலையில் 260 கோடி பவுண்டு என்றார்கள், வந்தது 247 கோடி. பாதாம் ஆண்டு ஆகஸ்டு 1இல் தொடங்குகிறது. கலிபோர்னியா பாதாம் வாரியம் மாதாமாதம் வரவு, அனுப்பியது, இருப்பு மூன்றையும் வெளியிடுகிறது.

அந்த 2023ஆம் ஆண்டையே பாருங்கள். பூக்கும் காலத்தில் விடாத மழையும் குளிரும். தேனீ வெளியே வரவில்லை. விளைச்சல் முந்தைய ஆண்டின் 257 கோடியிலிருந்து குறைந்தது. "இனிப் பாதாம் தங்கம்தான்" என்று இங்கே பேச்சு கிளம்பியது. ஆனால் அந்த ஆகஸ்டில் அவர்கள் கிடங்கில் முன்னிருப்பு மட்டும் 80 கோடி பவுண்டு அளவுக்கு இருந்தது, ஒரு விளைச்சலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விலை பாயவில்லை. அவசரப்பட்டு அடுக்கியவர்களுக்கு வட்டி நட்டம்.

மாதம் பத்து கிலோ விற்கும் கடைக்காரருக்கு இத்தனையும் தேவையில்லை. ஜூலை மதிப்பீட்டையும் ஆகஸ்டு முன்னிருப்பையும் கூட்டி, போன ஆண்டு இதே கூட்டுத் தொகையோடு ஒப்பிட்டாலே போதும். தொகை கூடியிருந்தால் கைக்கும் வாய்க்குமாக வாங்கலாம், புதுச் சரக்கு நம் ஊர் சேர அக்டோபர், நவம்பர் ஆகும். குறைந்திருந்தால், தீபாவளித் தேவையை மட்டும் ஆகஸ்டிலேயே பேசி முடித்துவிடலாம்.