காலத்தை வெல்லும் கணினி விளையாட்டுகள் எவை?

செவ்வியல் என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் இலக்கியத்தோடும் இசையோடும் சேர்த்தே வழங்கி வருகின்றோம். சங்கப் பாடல்களைச் செவ்வியல் என்கின்றோம். தமிழ் மொழியே செம்மொழி என 2004ஆம் ஆண்டில் இந்திய அரசினால் அறிவிக்கப்பட்டது. இத்தகைய பெருமைக்குரிய சொல்லைப் பிள்ளைகள் திரைக்கு முன் அமர்ந்து ஆடும் வீடியோ விளையாட்டுகளுக்கும் பொருத்தலாமா எனப் பெற்றோர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். எனினும் இவ்வினாவை நாம் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. எமது வகுப்பில் விரும்பிய பொருள் பற்றிப் பத்து வசனம் எழுதுமாறு கூறினால், பொங்கலைப் பற்றி நான்கு வசனத்தோடு நின்றுவிடும் மாணவர், தாம் ஆடும் விளையாட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தருகின்றனர். பிள்ளைகளின் உள்ளத்தில் இவ்வளவு இடம்பிடித்த ஒன்றை நாம் ஆராயாது தள்ளிவிடுதல் முறையாகாது. அவற்றுள் எவை நிலைக்கும், எவை மறையும் என்பதை இக்கட்டுரையிற் சற்று நோக்குவோம்.

நிலைத்தவை ஏன் நிலைத்தன?

முதலில் எம்மவரின் பழைய விளையாட்டுகளை எண்ணிப் பார்ப்போம். பல்லாங்குழிக்குப் பதினான்கு குழிகளும் ஒரு பிடி புளியங்கொட்டையும் போதும். கிளித்தட்டுக்கு நிலத்திற் கீறிய சில கோடுகள் போதும். பரமபதம் இந்தியாவிற் பிறந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்குச் சென்று, பாம்பும் ஏணியும் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. சதுரங்கமோ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளை அண்மித்த வரலாறுடையது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் பதினெட்டு வயதில் அதன் உலக வெற்றியாளர் ஆனார். 1990களில் மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் இருண்டு கிடந்த யாழ்ப்பாணத்திலும், மாலை வேளையிற் கிளித்தட்டு நின்றுவிடவில்லை. இவ்விளையாட்டுகளின் உயிர் பலகையிலோ காயிலோ இல்லை, விதிகளில் உள்ளது. அவ்விதிகளை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்தமையினாலேயே அவை நிலைத்தன.

கணினி விளையாட்டுகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். 1984ஆம் ஆண்டில் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னொவ் என்பவர் ரெற்றிஸ் விளையாட்டை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய கணினியாற் படம் வரைய இயலாது. எனவே அடைப்புக்குறிகளைச் சேர்த்து அவற்றையே கட்டைகளாகத் திரையிற் காட்டினார். அழகு என்று கூற அதில் எதுவும் இருக்கவில்லை. ஆயினும் நாற்பது ஆண்டுகள் கடந்தும் அது கைத்தொலைபேசி வரை வந்து வாழ்கின்றது. விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்குதல் என்னும் ஒரே விதி, எந்த மொழி பேசுவோர்க்கும் எந்த வயதினர்க்கும் விளங்கியமையே இதன் காரணமாகும்.

எமது ஒன்ராறியோ ஏரிக்கு அப்பால், அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் நகரிலே, விளையாட்டுகளுக்கென ஸ்ரோங் தேசிய அருங்காட்சியகம் அமைந்துள்ளது. சிறந்த வீடியோ விளையாட்டுகளைப் போற்றும் புகழ்மண்டபம் ஒன்றை அது 2015ஆம் ஆண்டிலிருந்து நடத்தி வருகின்றது. முதலாண்டில் பொங், பக்மன், ரெற்றிஸ், சூப்பர் மாரியோ பிரதர்ஸ், டூம், வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்ட் ஆகிய ஆறும் அதில் இடம்பெற்றன. பலராலும் அறியப்பட்டிருத்தல், நெடுங்காலம் நீடித்தல், நாடுகள் கடந்து பரவுதல், பின்வந்த படைப்புகளிற் செல்வாக்குச் செலுத்துதல் என்பனவே தெரிவுக்குரிய அளவுகோல்கள். விற்பனைத் தொகை இப்பட்டியலிலே தனி ஒரு தகுதியாக இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அண்மைக்கால விளையாட்டுகள்

இவ்வளவுகோல்களைக் கொண்டு அண்மைக்காலத்தவற்றை நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் நிற்பது மைன்கிராஃப்ட். சுவீடனில் உருவாகி 2011ஆம் ஆண்டில் முழுமையாக வெளிவந்த இவ்விளையாட்டு 2023 அளவில் 300 மில்லியனுக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகியிருந்தது. 2020ஆம் ஆண்டிலேயே மேற்கூறிய புகழ்மண்டபத்திலும் இடம்பெற்றுவிட்டது. சதுரக் கட்டைகளாலான அதன் தோற்றம் வெளிவந்த நாளிலேயே பழமையானது. எனவே அது இனிப் பழையதாகப் போவதில்லை. பிள்ளைகள் அதிற் கோயில் கட்டுகின்றனர், ஊர் அமைக்கின்றனர், தம்பி தங்கையருக்குக் கற்றும் கொடுக்கின்றனர். இது நிலைக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

அடுத்து, 2017இல் யப்பானின் நின்ரெண்டோ நிறுவனம் வெளியிட்ட செல்டா வரிசையின் 'பிரெத் ஒவ் த வைல்ட்'. கண்ணுக்குத் தெரியும் எந்த மலையிலும் ஏறலாம். ஒரு சிக்கலைத் தன் சொந்த அறிவினாற் பல வழிகளில் அவிழ்க்கலாம். பின்வந்த பல விளையாட்டுகள் இதனைப் பின்பற்றியுள்ளன. நூலுக்கு வழிநூல் தோன்றுவது போன்றது இது.

2023இல் வெளிவந்த 'போல்டர்ஸ் கேற் 3' வளர்ந்தோர்க்குரியது, சிறுவர்க்கு உகந்ததன்று. இதனை ஆக்கியோர் பெல்ஜிய நாட்டவர். ஆனால் இவ்வரிசையின் முதல் விளையாட்டு 1998இல் எமது கனடாவின் எட்மன்ரன் நகரிற் பிறந்தது. இருபத்தைந்து ஆண்டுகளின் பின் வேறொரு நாட்டவர் எடுத்துத் தொடரும் அளவுக்கு வலுவான வேர் அதற்கு இருந்தது எனலாம்.

சிறிய குழுக்களின் படைப்புகளும் உள்ளன. 'ஸ்டார்டியூ வேலி' என்னும் கமத்தொழில் விளையாட்டை எரிக் பரோன் என்னும் இளைஞர் நான்கு ஆண்டுகளுக்கு மேலாகத் தனியொருவராக உழைத்து 2016இல் வெளியிட்டார். வன்கூவர் குழு ஒன்றின் 'செலஸ்ற்' 2018இல் வந்தது. மனப்பதற்றத்தோடு போராடும் ஒரு பெண் மலையேறுவதே அதன் கதை. விளையாடுபவர் நூற்றுக்கணக்கான தடவை விழுந்தெழும்ப வேண்டும். அந்த விழுந்தெழும்புதலே கதையின் கருத்தாகவும் அமைந்துள்ளது. எமக்கு அண்மையிலுள்ள ஓக்வில் நகரைச் சேர்ந்த சகோதரர் இருவர் 2017இல் வெளியிட்ட 'கப்ஹெட்', 1930களின் கேலிச்சித்திரப் படங்களைப் போலக் கடதாசியிற் கையால் வரையப்பட்டது. அதனை முடிப்பதற்காக அவர்கள் தம் வீடுகளை ஈடு வைத்தனர். இம்மூன்றும் நெடுநாள் நினைவில் நிற்கும் என்பது எமது கணிப்பு.

அழிந்துபோகும் ஆபத்து

தகுதி இருந்தால் மட்டும் ஒரு படைப்பு நிலைத்துவிடாது. ஏட்டுச்சுவடிகள் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர்கள் தேடிச் சென்றிராவிட்டால் எமது செவ்வியலின் ஒரு பகுதி எமக்குக் கிட்டாமலே போயிருக்கலாம். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. படி எடுக்கப்படாத ஏடு எரிந்தால் மீளாது என்பதை எம்மினம் பட்டறிந்துள்ளது.

வீடியோ விளையாட்டுகள் இவற்றினும் விரைவாக அழிகின்றன. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுக்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 வீதமானவை இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என, வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வு கூறுகின்றது. பழைய இயந்திரங்கள் பழுதடைகின்றன. உரிமை பெற்ற நிறுவனங்கள் மூடப்படுகின்றன. இணையத்தின் வழியே மட்டும் இயங்கும் விளையாட்டுகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 2014இல் வெளிவந்த 'த குரூ' என்னும் காரோட்ட விளையாட்டின் சேவை 2024 மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்டது. பணங்கொடுத்து வாங்கியவர் கையிலிருந்த பிரதியும் அன்றோடு பயனற்றுப்போயிற்று. பெருஞ்செலவில் உருவான 'கொன்கோர்ட்' 2024 ஓகஸ்ட் 23இல் வெளியாகி, செப்ரெம்பர் 6இல் நிறுத்தப்பட்டது. இரண்டு வாரமே அதன் ஆயுள். பெற்றோர் பணங்கொடுத்து வாங்குமுன் இவ்வேறுபாட்டை அறிந்து வைத்திருத்தல் நன்று.

ரொறன்ரோவிற் பிறந்த 'வெண்பா'

இனி, எமக்கு மிக அண்மையான ஒன்றுக்கு வருவோம். ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறிய குழு 2023 யூலை 31இல் 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதனை வடிவமைத்தவர் அபி என்னும் தமிழ் இளைஞர். 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஒன்றின் கதை அது. தாயின் பெயர் வெண்பா, தந்தையின் பெயர் பாவலன், மகனின் பெயர் கவின். மாணவர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்க: வெண்பா என்பது தமிழ்ப் பா வகைகளுள் ஒன்று, திருக்குறள் குறள் வெண்பாவினால் ஆனது. பாவலன் என்றால் கவிஞன். கவின் என்றால் அழகு.

இவ்விளையாட்டிற் சண்டை இல்லை, ஓட்டம் இல்லை; சமையல் உண்டு. வெண்பாவின் தாய் எழுதிக் கொடுத்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கின்றது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எதனை முதலில் இடுவது என்பவற்றை, எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு விளையாடுபவரே உய்த்தறிய வேண்டும். பிற்பகுதியில் வளர்ந்துவிட்ட கவின் அக்குறிப்பேட்டை வாசிக்க முயல்கின்றான். அவனுக்குத் தமிழ் சரியாக வராது. அவ்விடத்தில் அவனுடைய குறை விளையாடுபவரின் குறையாகவே மாறிவிடுகின்றது. ஒரு நாவல் பல பக்கங்களில் விளக்க வேண்டியதை இங்கே கை விரல்கள் உணர்ந்துகொள்கின்றன. கதையின் முடிவை நாம் இங்கே கூறப்போவதில்லை.

2024 மார்ச்சில் தனிக்குழுக்களின் படைப்புகளுக்கான சர்வதேசப் போட்டியிற் பெரும் பரிசும், ஏப்ரலிற் பிரித்தானிய அக்கடமியின் சிறந்த அறிமுகப் படைப்புக்கான விருதும் இதற்குக் கிடைத்தன. ஆயினும் இது செவ்வியலாகுமா என்பது வேறு வினா. இதனை ஆடி முடிக்க ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் போதும். மைன்கிராஃப்ட் போல ஆண்டுக்கணக்கில் ஆட முடியாது. விருது பெற்ற ஆண்டோடு மறக்கப்பட்ட படைப்புகள் பல. மறுபுறத்தில், அளவிற் சிறியது என்பதும் குறையாகாது. இரண்டடியாலான குறள் அதற்குச் சான்று.

எமது முடிவு இதுதான். வெண்பாவின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிக்கப் போகின்றவர்கள் எமது பிள்ளைகளே. அக்குடும்பம் தமிழகத்திலிருந்து வந்தது. எம்மிற் பலர் போரினாற் துரத்தப்பட்டு, குறிப்பேடு எதுவுமின்றிக் கைப்பையோடு வந்தோம். எமது புட்டின் பக்குவமும் கூழின் பக்குவமும் தாய்மாரின் நினைவிலேயே கடல் கடந்தன. அவற்றை எழுதி வைத்தவர் சிலரே. எழுதி வைத்தாலும் அதனைப் பேரப்பிள்ளை வாசிப்பானா என்னும் அச்சம் மார்க்கத்திலுள்ள ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் உண்டு. அவ்வச்சத்தையே இவ்விளையாட்டுப் பொருளாகக் கொண்டுள்ளது. இன்னும் முப்பது ஆண்டுகளின் பின் அந்த அழிந்த எழுத்துகளைப் பார்த்து, இது எங்கள் மொழி என்று சொல்லித் தமிழிலேயே வாசிக்கக் கூடியவர்கள் இங்கு இருப்பார்களாயின், வெண்பா செவ்வியலாக வாழும். இல்லையாயின், பிறர் பாராட்டிய ஒரு பழம்பொருளாகவே அது எஞ்சும்.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவது சிறியதே. படிப்பு நேரத்தையும் நித்திரையையும் கெடுக்கும் விளையாட்டைக் கட்டுப்படுத்துதல் தங்கள் கடமை. அதனோடு, கிழமைக்கு ஒருமுறையாவது பிள்ளையின் அருகில் அமர்ந்து, இதன் விதி என்ன, இதில் உனக்குப் பிடித்தது எது என்று தமிழிற் கேளுங்கள். வேறெதற்கும் ஒரு சொல்லிற் பதில் தரும் பிள்ளை இதற்கு நீண்ட விடை தரக்கூடும். பிறகு உங்கள் ஊர்க் கிளித்தட்டின் விதிகளை நீங்கள் சொல்லிக் கொடுங்கள். கோடைகாலத்தில் அண்மையிலுள்ள பூங்காவிற் கோடு கீறுவதற்குச் சுண்ணக்கட்டி ஒன்று போதும்.

மாணவச் செல்வங்களே, ஒரு விளையாட்டைத் தெரிவு செய்யும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். படத்தின் பளபளப்பை நீக்கினாலும் இதில் ஆட ஏதாவது எஞ்சுமா? இதனை நான் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்க விரும்புவேனா? நிறுவனம் இதனை நிறுத்திவிட்டாலும் இது என் கையில் இருக்குமா? மூன்றுக்கும் ஆம் என விடை வருமாயின், நீங்கள் செவ்வியல் ஒன்றை ஆடிக்கொண்டிருக்கக்கூடும். அவ்வாறான ஒன்றைப் பற்றித் தமிழில் எழுதுங்கள். விதிகளையும் கதையையும் உங்கள் சொற்களில் விளக்குங்கள். அடுத்த ஆண்டு விழா மலரில் இப்பொருள் பற்றி மாணவர் எழுதிய கட்டுரைகள் இடம்பெற வேண்டும் என்பது எமது விருப்பம். அவற்றைத் திருத்தித் தர நாம் காத்திருக்கின்றோம்.