கைக்காசில் குடும்பம் நடத்தலாமா?

வரவு எவ்வளவு என்று வினவினால் உடனே விடை கூறும் குடும்பங்கள், செலவு எவ்வளவு என்று வினவினால் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்குகின்றன. பங்கின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லுமிடமெல்லாம் நாம் காணும் நிலை இது. “வருவது தெரிகிறது சாமி, போவதுதான் தெரியவில்லை” என்பதே பலருடைய முறையீடு. இவர்கள் ஆடம்பரத்தில் திளைப்பவர்கள் அல்லர். வாடகையும் பள்ளிக் கட்டணமும் கொடுத்து, மாதத்தின் இருபதாம் நாளில் கைமாற்றுக் கேட்கும் உழைப்பாளிகள்.

வேலப்பன்சாவடிக்கு அருகிலுள்ள நூம்பல் போன்ற புறநகர்ப் பகுதிகளை எடுத்துக் கொள்வோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் மாதச் சம்பளம் பெறுபவரும், நாட்கூலி பெறும் கொத்தனாரும், தையல் வேலை செய்யும் பெண்மணியும் இங்கே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். இவர்களுள் சிலர் அண்மைக் காலமாக ஒரு முடிவுக்கு வந்துள்ளனர். கைப்பேசியால் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டு, சம்பளம் முழுவதையும் ரொக்கமாக எடுத்து, உறைகளில் பிரித்து வைத்து, அதற்குள்ளேயே குடும்பம் நடத்துவது என்பதே அம்முடிவு. இது அறிவுடைய செயல்தானா? இரு பக்கங்களையும் சீர்தூக்கிப் பார்ப்போம்.

காசு கண்ணிலிருந்து மறைந்த வரலாறு

உறை முறை நமக்குப் புதியதன்று. ஆலைத் தொழிலாளி சம்பளக் கவரை மனைவியிடம் கொடுப்பார். அவர் அதை அரிசிக்கு, பாலுக்கு, வாடகைக்கு எனப் பிரித்து, டப்பாக்களிலும் சுருக்குப் பையிலும் வைப்பார். மிஞ்சிய சில்லறை அரிசிப் பானைக்குள் ஒளிந்துகொள்ளும். எது எவ்வளவு மீதமுள்ளது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

பின்னர் காட்சி மாறியது. 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன் தன் திட்டம் எளியவர்க்கும் வங்கிக் கணக்கைத் தந்தது. 2016 ஏப்ரலில் யூ.பி.ஐ. முறை அறிமுகமாயிற்று. தொழிலாளியின் தனிச் சம்மதமின்றியே ஊதியத்தை வங்கிக் கணக்கில் செலுத்த 2017-இல் சட்டம் இடம் கொடுத்தது. 2023 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் வங்கிக் கணக்கிலேயே வந்து சேர்ந்தது. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் நாடு முழுவதும் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் யூ.பி.ஐ. வழியே நடந்தன. பத்து ரூபாய் கீரைக்கட்டுக்கும் இன்று கைப்பேசி நீள்கிறது. வசதி பெருகியது, ஆனால் சுருக்குப் பை மெலிவதைக் கண்டு கை தயங்கும் அந்த ஒரு கணம் மறைந்து போயிற்று.

ரொக்கம் தரும் நன்மைகள்

அந்த ஒரு கணத்தின் மதிப்பு என்ன? அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்னும் ஆய்வாளர் இருவர் 2001-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். கூடைப்பந்து ஆட்டத்துக்கான நுழைவுச் சீட்டுகளை மாணவர்களிடையே ஏலத்துக்கு விட்டனர். ஒரு பகுதியினர் ரொக்கமாகவும், மறு பகுதியினர் கடனட்டையாலும் பணம் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. கடனட்டைக்காரர் கேட்ட விலை, ரொக்கக்காரர் கேட்ட விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. பொருள் ஒன்றே; கொடுக்கும் வழி மாறியதும் மனத்தின் தராசும் மாறிவிட்டது!

தாளை எண்ணிக் கொடுக்கும்போது உள்ளத்தில் ஒரு சிறு வலி தோன்றுகிறது. அவ்வலியே குடும்பத்தின் காவற்காரன். உறையில் இருநூறு ரூபாய்தான் மீதம் என்றால், இந்த வாரம் மீனா கோழியா என்ற கேள்விக்கு வீட்டிலேயே விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது நன்மை, இல்லாத பணத்தைச் செலவிட ரொக்கம் இடம் கொடுப்பதில்லை. கடனட்டை நிலுவைக்கு மாதம் மூன்று விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கும் வங்கிகள் பல. ஆண்டுக்குக் கணக்கிட்டால் அது நாற்பது விழுக்காட்டையும் தாண்டலாம். மூன்றாவது நன்மை, பிள்ளைகள் கற்றுக்கொள்கின்றனர். கைப்பேசியைத் தொட்டாலே பொருள் கிடைக்கும் என்று எண்ணும் குழந்தைக்கு, எடுக்க எடுக்கக் குறையும் உறையே முதல் கணக்குப் பாடம்.

ரொக்கத்தின் குறைகள்

எனினும் ரொக்கத்தை மட்டுமே நம்பியிருப்போர் படும் துன்பத்தை இந்நகரம் கண்கூடாகக் கண்டுள்ளது. 2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என அறிவிக்கப்பட்டது. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு அவ்விரு தாள்களே. ஆண்டுக்கணக்காகக் கணவருக்கும் தெரியாமல் பெண்கள் அரிசிப் பானையில் சேர்த்த பணம், ஒரே இரவில் எல்லார் முன்னும் வெளிப்பட வேண்டியதாயிற்று. மகளின் நகைக்காகவும் மருத்துவச் செலவுக்காகவும் சிறுகச் சிறுகச் சேர்த்த அப்பணத்தோடு, அவர்கள் காத்துவந்த சிறு சுதந்திரமும் பறிபோயிற்று.

அத்துயரம் தீருமுன்பே, டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தன. கடைகளில் அட்டை இயந்திரங்கள் ஊமையாயின. ரொக்கத்துக்கோ ஏற்கெனவே தட்டுப்பாடு. வங்கியில் பணம் இருந்தும் பால் வாங்க வழியில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போதும் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயின. அப்போது கையில் ரொக்கம் வைத்திருந்தவர்களே தண்ணீரும் பாலும் எளிதாக வாங்க முடிந்தது. ஆக, இருப்பவை அனைத்தையும் தாளாக வைத்திருப்பவரும் கலங்குவர். ஒரு தாளும் இல்லாதவரும் கலங்குவர். இரு புயல்களும் நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.

மேலும் சில குறைகள் உள. பெட்டியிலுள்ள பணம் வளர்வதில்லை. விலைவாசி மட்டும் வளர்கிறது. ஆண்டுக்கு ஆறு விழுக்காடு விலை ஏறினால், இன்றைய பத்தாயிரம் ரூபாய் பன்னிரண்டு ஆண்டுகளில் இன்றைய ஐயாயிரத்தின் பொருளைத்தான் வாங்கும். திருடு போனாலோ தீப்பற்றினாலோ கேட்பார் இல்லை. வங்கி வைப்புக்கோ, 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.

கைமாறிய ரொக்கத்துக்குச் சாட்சியும் இல்லை. வாடகை கொடுத்தோம், கொடுக்கவில்லை என்னும் வழக்கில் ரசீது இல்லாதவர் தோற்பார். மருத்துவக் காப்பீட்டுத் தவணையை ரொக்கமாகக் கட்டினால், அதற்குரிய வருமானவரிச் சலுகையும் கிடைக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். சட்டைப்பையில் கற்றையாக இருக்கும் கூலி, வீடு வருமுன் மதுக்கடையைக் கடந்தாக வேண்டும். அக்கடையைக் கடக்க மாட்டாத கைகளில் ரொக்கம் காவற்காரனாக இருப்பதில்லை. அத்தகைய வீடுகளில் ஊதியம் வங்கிக்குச் செல்வதே மனைவி மக்களுக்குப் பாதுகாப்பு.

எதை எங்கே வைப்பது?

நாம் கூற விரும்புவது எளிய ஒரு விதி. நாள்தோறும் மனம் தீர்மானிக்கும் செலவுகளுக்கு ரொக்கம். தேதியும் தொகையும் முன்பே தெரிந்த செலவுகளுக்கும் சேமிப்புக்கும் வங்கி.

எடுத்துக்காட்டாக, மாதம் 25,000 ரூபாய் வீட்டுக்கு வருவதாகக் கொள்வோம். வாடகை 8,000, பள்ளிக் கட்டணத்துக்கான ஒதுக்கீடு 2,500, சேமிப்பு 2,000, மின்சாரம், எரிவாயு, கைப்பேசி ஆகியவற்றுக்கு 2,000. ஆக 14,500 ரூபாய் வங்கியிலேயே இருக்கட்டும். நம் மாநிலத்தில் மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒரு முறை வருவதால், கட்டணம் வராத மாதத்திலும் பாதியை ஒதுக்கி வைத்தல் வேண்டும். எஞ்சிய 10,500 ரூபாயை எடுத்து ஐந்து உறைகளில் இடுங்கள்: மளிகை 4,500, பால் 1,800, காய்கறி, மீன், இறைச்சி 2,400, பயணம் 1,000, மருந்தும் எதிர்பாராதவையும் 800. காய்கறி உறையை மீண்டும் நான்காகப் பிரித்தால் வாரத்துக்கு 600 ரூபாய். ஓர் உறையிலிருந்து மற்றோர் உறைக்குக் கடன் வாங்க நேர்ந்தால், அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அடுத்த மாதம் எந்த உறையைத் திருத்த வேண்டும் என்பதை அத்துண்டுத் தாளே சொல்லும்.

நாட்கூலி பெறுவோர்க்கு மாதக் கணக்கு பொருந்தாது. அவர்கள் வேலை நாளைக்கொண்டு கணக்கிடுதல் நலம். வாடகை 6,000 ரூபாய், மாதத்தில் இருபது நாள் வேலை என்றால், ஒவ்வொரு நாளும் கூலியில் முதல் 300 ரூபாய் வாடகைக்கே உரியது. அதை மறுநாளே கணக்கில் போட்டுவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை நின்றுவிடும் என்பதைக் கோடையிலேயே நினைவிற்கொண்டு, கூடுதலாகச் சிறிது ஒதுக்குவது அறிவுடைமை.

புயற்காலத்துக்கென ஒரு வாரச் செலவுக்கான ரொக்கம், நனையாத உறையில், சிறு தாள்களாக வீட்டில் இருக்கட்டும். அதற்கு மேற்பட்டது வேண்டா. குடும்பத் தலைவியின் சிறுவாட்டுப் பணத்துக்கு அரிசிப் பானையைவிட உறுதியான இடம், அவர் பெயரிலுள்ள அஞ்சலகக் கணக்கு. மாதம் நூறு ரூபாயிலிருந்தே அங்கே தொடர் வைப்பு தொடங்கலாம். அப்பணத்தைக் கணவர் உரிமை கோரிப் பறிக்காதிருப்பது இல்லறப் பண்பு.

கணக்கை அறிந்தவர் எத்தனை பேர்?

ரொக்கமோ கைப்பேசியோ, எதுவாயினும் ஒருவர் மட்டுமே அறிந்த கணக்கு குடும்பத்தைக் காக்காது. கணவரின் கைப்பேசியில் பூட்டப்பட்ட கணக்கும், மனைவி பீரோவில் பூட்டிய உறையும் ஒரே குறை உடையவை. சம்பளம் வந்த நாளின் மாலையில், தொலைக்காட்சியை அரைமணி நேரம் நிறுத்திவிட்டு, இருவரும் சேர்ந்து அமருங்கள். போன மாதம் எவ்வளவு, எதற்குப் போயிற்று என்று எழுதுங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக் கொள்ளுங்கள். “உனக்கு வாங்கித் தர மாட்டேன்” என்பதைக் காட்டிலும், “இந்த உறையில் இவ்வளவுதான் இருக்கிறது, எதை வாங்கலாம், நீயே சொல்” என்பது பிள்ளையை மனிதனாக்கும்.

மூன்று மாதங்கள் இதைச் செய்து பாருங்கள். வருமானம் உயர்ந்துவிடாது. ஆனால் போவது எங்கே என்பது இருவருக்கும் தெரிந்துவிடும். இருபதாம் நாள் வீட்டில் எழும் வீண் பூசலும் பெரிதும் அடங்கும்.