ஆற்றங்கரைக் குடும்பம் கடற்கரைக்குச் செல்லும்போது

ஆண்டுத் தேர்வுகள் முடிந்ததும், அம்பாசமுத்திரம் முதல் பாளையங்கோட்டை வரை நம் இல்லங்களில் பிள்ளைகள் எழுப்பும் கேள்வி ஒன்றே: "அப்பா, கடலுக்கு எப்போ போறோம்?" பொதிகையில் பிறந்து, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியின் மக்கள் நாம். நம் ஆறு செல்லும் திசையில் நம் பிள்ளைகளின் மனமும் செல்வது இயல்பே. ஆயினும், அப்பயணம் மகிழ்ச்சியில் முடிவது புறப்படுமுன் நாம் செய்யும் ஏற்பாட்டைப் பொறுத்தது.

எளிய குடும்பங்களுக்கு ஏற்ற இடம் மணப்பாடு. நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்கு 1923ஆம் ஆண்டு முதல் இருப்புப்பாதை உண்டு. காலை வண்டியில் ஏறினால் திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத்து ஆகிய ஊர்களைக் கண்டுகொண்டே செல்லலாம். திருச்செந்தூரிலிருந்து பேருந்தில் குலசேகரன்பட்டினம் வழியாகத் தெற்கே சென்றால் மணப்பாடு. குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம். அதன் அருகே, 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை. உப்பு நீர் சூழ்ந்த அவ்விடத்திலும் குகைக் கிணற்றில் நன்னீர் ஊறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். செப்டம்பர் 14ஆம் நாள் திருச்சிலுவைத் திருவிழா. ஓய்வை நாடுவோர் அக்கூட்ட நாட்களைத் தவிர்த்துப் பிற நாட்களில் செல்லலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம் நாங்களும் குடும்பமாகக் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். ஆற்றில் அக்கரை தொட்டுத் திரும்பும் எங்கள் மூத்த மகன், மார்பளவு நீரில் நின்றுகொண்டு மேலும் உள்ளே செல்ல முயன்றான். நாங்களோ அவன் திறமையை வியந்துகொண்டிருந்தோம். வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து ஓடி வந்தார். "ஐயா, ஆத்துல நீந்துற பிள்ளைதானே? கடலு வேற. மொதல்ல கரைக்குக் கூப்பிடுங்க" என்றார். மகன் திரும்பினான், ஆனால் இருமுறை இழுபட்டு, முகம் வெளுத்தே கரை சேர்ந்தான். அன்று எங்கள் பெருமை மணலில் கரைந்தது.

ஆறு ஒரே திசையில் ஓடும். கடலோ கரைக்கு வந்த நீரைக் குறுகிய வழியாக வேகத்துடன் உள்ளே இழுத்துச் செல்லும். அவ்விழுப்பில் அகப்பட்டவர் அதை எதிர்த்து நீந்தினால் களைத்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விடுபட்டு, பின்னரே கரையை நாடவேண்டும். நீந்தத் தெரியாதவர் காப்பாற்றப் பாயலாகாது. கயிற்றையோ மூடிய காலிக் குடத்தையோ எறிந்து, மீனவரை அழைக்கவேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் மற்றோர் ஆபத்தும் உண்டு. தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயற்காற்று பேரலைகளை இங்கே அனுப்பும். கரையில் காற்றே இராது, வானம் தெளிந்திருக்கும், அலை மட்டும் திடீரென ஏறும். இதனைக் கள்ளக்கடல் என்பர். 2024 மே 6ஆம் நாள் குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர் ஐவர் அலைக்கு இரையானபோது இத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஆதலால், புறப்படும் நாளன்று வானொலியிலோ செய்தித்தாளிலோ கடல் எச்சரிக்கையைப் பார்ப்பது, பணப்பையை எடுத்துக்கொள்வதைப் போன்ற கடமையாகட்டும்.

இன்னொன்றையும் மறவாதிருப்போம். நமக்கு விடுமுறைத் தலமான கரை, மீனவருக்குத் தொழிற்களம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. வருவாய் குன்றும் காலம். காயும் வலையை மிதியாமலும், கரையேற்றிய வள்ளங்களில் குதித்து விளையாடாமலும் இருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மீன் வாங்கும்போது கடுமையாகப் பேரம் பேசாதீர்கள். எங்கே குளிக்கலாம், எங்கே கூடாது என்பதை அவர்களிடமே கேளுங்கள். அவர்களைவிட நல்ல ஆசான் இல்லை.

இறுதியாக, இல்லத்தரசிக்கும் அது விடுமுறையாக அமையட்டும். புளிச்சோறும் துவையலும் கட்டுவதில் தந்தையும் பிள்ளைகளும் கைகொடுக்கலாம். கரையில் ஒருவர் மாற்றி ஒருவர் பிள்ளைகள்மீது கண் வைத்தால், தாயும் சற்றே அமர்ந்து அலையைப் பார்ப்பாள். எத்தனை பேராய்ப் புறப்பட்டோமோ அத்தனை பேரும் மாலையில் மணல் ஒட்டிய காலோடு வீடு திரும்புவதே விடுமுறையின் நிறைவு.