வீணைக்கு ஓர் இருக்கை

ரயில்வே வேலையில் ஊர் ஊராக மாற்றல். ஒவ்வொரு மாற்றலுக்கும் என் மனைவியின் தஞ்சாவூர் வீணை உறைக்குள் போகும். பிறகு கட்டிலுக்கடியில் கிடக்கும். நாளடைவில் அவள் வாசிப்பதையே விட்டுவிட்டாள்.

ஓய்வுபெற்று நாகபுரியிலேயே தங்கிவிட்டோம். அவளது அறுபதாவது பிறந்தநாளுக்குப் புடவை வேண்டாமென்று, என் கையாலேயே தேக்கில் ஒரு வீணைத் தாங்கி செய்தேன். குடத்துக்கு ஒரு வளைவு, தண்டிக்கு ஒரு வளைவு. சுரைக்காய் எதிலும் இடிக்காது. வளைவுகளை முதலில் அட்டையில் வெட்டி, வீணையோடு பொருத்திப் பார்த்த பிறகே மரத்தில் ரம்பம் வைத்தேன். பலாமரக் குடத்தில் கீறல் விழாதிருக்க, வளைவுகளில் கம்பளித் துணி ஒட்டினேன்.

இடமும் முக்கியம். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. நாகபுரிக் கோடை 45 டிகிரியைத் தொடும். வெயில் பட்டால் மெழுகு இளகி மெட்டு நகரும், ஸ்வரம் பிசகும். ஆகவே கூடத்தில் உள்சுவர் ஓரமாக வைத்தேன்.

முதல் வாரம் தூசி மட்டும் துடைத்தாள். இரண்டாம் வாரம், "தந்தி துருப்பிடிச்சிருக்கு, புதுசு வாங்கிண்டு வாங்கோ" என்றாள். இப்போது விளக்கேற்றியதும் வீணை ஒலி கேட்கிறது.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் உறைக்குள் ஒரு வாத்தியம் உறங்குகிறதா? அதைக் கண்ணில் படும்படி வையுங்கள். கை தானாகவே அதனிடம் போகும்.